ஷைஜா சொன்ன இரண்டு சாட்சிகள்

கருங்கல் சந்தையிலிருந்து தெற்கே போகிற ரோட்டில் ஒரு அண்டியாபீஸ் இருக்கிறது. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கிற ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஷைஜா அங்கே பருப்பின் தோல் உரிக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இப்போது நாற்பத்து மூன்று. அவளுடைய பெருவிரல் நகங்கள் இரண்டும் தேய்ந்து பாதியாகியிருக்கும்.

அவள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் எங்கள் வீடு. நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க். எங்கள் சபையில் கணக்கு எழுத, நோட்டீஸ் டைப் செய்ய என்னைத்தான் கூப்பிடுவார்கள். மிஷனரிமார் காலத்தில் கட்டின பழைய சபை அது. ஞாயிற்றுக்கிழமை ஷைஜா பெண்கள் பக்கத்தில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள். இத்தனை வருஷத்தில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாட்டுக்குக்கூட உதடு அசைவதோடு சரி.

அவளுடைய வீட்டுக்காரர் தேவகுமார் கொத்தனார். சாந்து பூசுவதில் நல்ல கை. ஒரே மகள் பெபிஷா. கொரோனா ஓய்ந்த வருஷம் தேவகுமாருக்கு நாக்கின் அடியில் ஒரு புண் வந்தது. வெற்றிலை போடுகிறவர்தானே, சுண்ணாம்பு பொள்ளியிருக்கும் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டார்கள். பிறகு திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் காட்டினபோது புற்று என்றார்கள். முப்பத்து மூன்று நாள் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கி, ஷைஜா கஞ்சியை வடிகட்டிக் கொடுத்து அவரைப் பார்த்துக்கொண்டாள். அவரால் அதைக்கூட விழுங்க முடியவில்லை.

அந்த நாட்களில் எங்கள் சபையிலிருந்து யாரும் திருவனந்தபுரத்துக்குப் போகவில்லை. அந்த வருஷம் சபை வரி கட்டாதவர்களின் பட்டியல் ஒன்று போர்டில் ஒட்டப்பட்டது. அதில் தேவகுமாரின் பெயரும் இருந்தது. டைப் செய்தது நான்தான். பெயரைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு டைப் அடித்துவிட்டேன்.

சுகமளிக்கும் ஊழியம் நடத்துகிற பிரதர் ஆன்ட்ரூஸின் ஜெபவீட்டுக்கு ஷைஜாவை முதலில் யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. மெயின் ரோட்டில் பெரிய தகர ஷெட். உள்ளே ஏசி, மேடை, இரண்டு பக்கமும் திரை. வெள்ளிக்கிழமை தோறும் ஆயிரம் பேர் வருவார்கள். போன முதல் நாளே ஒரு அம்மா அவள் கையைப் பிடித்து, பெயரைக் கேட்டு, வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாளாம். அடுத்த நாள் காலையில் போன் வந்ததாம், தேவகுமாருக்காக ஜெபித்தோம் என்று. "எனக்கு அழுகை வந்துட்டு அக்கா. நம்ம பேரு ஒருத்தருக்கு நினைப்பு இருக்குன்னு தோணிச்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

பிரதர் ஆன்ட்ரூஸ் விதைப்பைப் பற்றித்தான் எப்போதும் பேசுவார். கையில் இருப்பதில் எது உனக்கு வலிக்குமோ அதை விதை, வலிக்காத காணிக்கை முளைக்காது என்பார். ஷைஜாவிடம் வலிக்கிற மாதிரி இருந்தது இரண்டு வளையல். பெபிஷாவின் நர்சிங் படிப்புக்கு என்று வைத்திருந்தது. அதைக் கழற்றி மேடைக்குக் கீழே இருந்த தட்டில் போட்டாள்.

கரண்டு வைத்து முடித்து இரண்டு மாதம் கழித்து, தேவகுமார் ஒருநாள் காலையில் சோறு கேட்டார். குழையப் பிசைந்த சோறும் மீன் குழம்பும். காரம் பொறுக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வடிய வடியத் தின்றார். ஷைஜா அடுப்படியில் நின்று சிரித்தாளாம், அழுதாளாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஒரு கார்டு கொடுத்தார்.

அந்த வாரமே ஜெபவீட்டில், சுகம் கிடைத்ததைப் பற்றி அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு அறையில், முகத்துக்கு நேரே வெளிச்சம் வைத்து, காமிராவில் எடுத்தார்கள். ஷைஜா நடந்ததைச் சொன்னாள். தீனம் வந்தது, டாக்டர்மார் கரண்டு வைத்தார்கள், நான் ஜெபித்தேன், ஆண்டவர் சுகம் தந்தார். வீடியோ எடுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சிஸ்டர், ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் ஜனங்களுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி கைவிட்ட நிலையில நான் என் வளையலை விதைச்சேன், அப்படின்னு தொடங்குங்க. அதுதான் பிரதருக்கு வேணும்."

"கைவிடல்லியே" என்றாள் ஷைஜா.

"சுகமாகும்னு டாக்டர் உறுதி சொன்னாரா?"

"அப்படிச் சொல்லல்ல."

"அப்ப கைவிட்ட மாதிரிதானே?"

ஷைஜா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவர் சொன்னபடியே சொன்னாள். ஒரே தரத்தில் சரியாக வந்துவிட்டது.

அந்த வீடியோ எங்கெல்லாமோ போனது. எனக்கும் வந்தது. நம்ம ஷைஜாவா இப்படிப் பேசுகிறாள் என்று ஆச்சரியப்பட்டு நானும் நாலைந்து பேருக்கு அனுப்பினேன். தேவகுமார் கரண்டு வைத்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அனுப்பினேன்.

தேவகுமார் அதைப் பார்த்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏட்டி, ஆஸ்பத்திரி எப்பம் நம்மள கைவிட்டுது? முப்பத்து மூணு நாளு அவிய எனக்கக் கூட நின்னாவளே. அந்த நர்ஸ் பிள்ளை எனக்க வாயைக் கழுவித் தந்தாளே, அவளா கைவிட்டா?"

"ஆண்டவருக்க மகிமைக்குத்தானே சொன்னேன்."

"ஆண்டவருக்க மகிமைக்கு நம்மளுக்க பொய்யி எதுக்கு?"

எழுந்து கை கழுவப் போனார். சண்டை போடுகிற மனுஷர் இல்லை அவர்.

ஆனால் ஷைஜாவுக்கு அது ஒரு புது வாழ்க்கையாக இருந்தது. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத பெண்கள் வந்து, "நீங்கதானே அந்த சிஸ்டர்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபவீட்டில் முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள். வாசலில் கட்டியிருந்த பெரிய பேனரில் அவள் படம். பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். காலம் முழுக்கக் கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருந்தவள். அதை வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

ஆஸ்பத்திரி கார்டில் எழுதியிருந்த முதல் தேதி வந்தது. தேவகுமார் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தார். ஷைஜா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நாம இப்பம் அங்க போயி, ஆராவது கண்டா என்ன நினைப்பாவ? சொகமாயிட்டுன்னு சொன்னவரு எதுக்கு இஞ்ச வந்து வரிசையில நிக்காருன்னு கேக்கமாட்டாவளா? அது அவிசுவாசம்னு பிரதரு சொல்லியாவ."

தேவகுமார் அவளையே பார்த்தார். தான் போனால் இவள் ஊர் முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, நீ வெசனப்படாத. பொறவு போலாம்" என்றார். சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். அடுத்த தேதியும் போனது. அதற்கடுத்ததும் போனது.

வீடியோ எடுத்த பதினான்காம் மாதம் அவர் கழுத்தில் கட்டி தெரிந்தது. இந்தத் தடவை ஷைஜா யாரையும் கேட்கவில்லை, வாடகைக் கார் பிடித்து அவரைக் கொண்டுபோனாள். அதே டாக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் வரல்லை?" என்று மலையாளத்தில் கேட்டார். தேவகுமார் முந்திக்கொண்டு, "வேலைத் திரக்கு டாக்டரே. எனக்கத் தப்புதான்" என்றார். பின்னால் இதை எனக்குச் சொல்லும்போது ஷைஜா என் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எனக்க பேரைச் சொல்லல்ல அக்கா. சாவப்போற நேரத்துலயும் எனக்க பேரைச் சொல்லல்ல."

ஜெபவீட்டுக்குப் போன் செய்தாள். முதல் இரண்டு தடவை ஜெபித்தார்கள். மூன்றாவது தடவை, ஏதோ தடை இருக்கிறது, இன்னொரு விதைப்பு தேவைப்படுகிறது என்றார்கள். அவளிடம் விதைக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சிஸ்டர் பேசினாள். "கொஞ்ச நாள் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர வேண்டாம். உங்களைப் பார்த்தா ஜனங்க விசாரிப்பாங்க. அவங்க விசுவாசம் தளர்ந்துபோகும். குடும்பத்துல யாருக்காவது மறைவான பாவம் இருக்கான்னு சோதிச்சுப் பாருங்க."

தேவகுமார் பெபிஷாவின் பிளஸ் டூ பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் இறந்தார். எங்கள் போதகர் அடக்க ஆராதனை நடத்தினார். தேவகுமார் கூட வேலை செய்த கொத்தனார்மார் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜெபவீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அன்று மாலையிலும் அந்த வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஷைஜா வேலைக்குத் திரும்பினாள். அண்டியாபீஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ராஜமணி. பத்து வயது மூத்தவள், விதவை. ஒரே மகன் டெனிஷ் கத்தாரில். ராஜமணி இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் இருக்கும். சூப்பர்வைசரைப் போல நடந்து காட்டுவாள். அன்று அவள் ஷைஜாவின் முதுகைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"நீ தளர்ந்து போவாத மக்கா. உங்களுக்கு விசுவாசம் நடுவுல கொறஞ்சு போச்சு, அதுதான். நான் கொறைய விடமாட்டேன்."

"உங்களுக்கு என்ன அக்கா?"

ராஜமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஷைஜாவின் கையை எடுத்துத் தன் இடது மார்பின் பக்கத்தில் ஜம்பருக்கு மேலாக வைத்து அழுத்தினாள். உள்ளே புளியங்கொட்டை போலக் கல்லாக ஏதோ இருந்தது. பிறகு அதைவிடப் பெரியது என்று விரலுக்குத் தெரிந்தது.

"எட்டு மாசமாச்சு. ஆரிட்டயும் சொல்லல்ல, மோன்ட்டயும் சொல்லல்ல. கட்டி தெரிஞ்ச அன்னைக்கு உனக்க வீடியோவைத் திரும்பவும் கண்டேன், உடனே எனக்க பி.எப். பைசாவை எடுத்து விதைச்சுட்டேன். ஆஸ்பத்திரி கைவிட்டவருக்கே ஆண்டவரு சொகம் தந்தாரே, நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காம இருந்தா எனக்கு இன்னும் சீக்கிரம் தருவாரில்லியா?"

ஷைஜா கையை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வெளியே போய், பைப்பைத் திறந்து முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராஜமணியை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி கைவிடவில்லை. கரண்டு வைத்துத்தான் சுகமானது. நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்காக அவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வைத்தேன். நீங்கள் நாளைக்கே போக வேண்டும்.

ராஜமணி முகம் மாறியது. "பிசாசு உனக்க வாயில இருந்து பேசுகு" என்றாள். "உனக்க வீட்டுக்காரரு செத்த வெசனத்துல நீ எனக்க விசுவாசத்தையும் களையப் பாக்கிய. நீ சொன்ன சாட்சியைப் புடிச்சுத்தான் நான் உயிரோட இருக்கேன். அதைப் பொய்யின்னு சொல்ல உனக்கு எப்படி ஏட்டி மனசு வந்துது?"

மறுநாள் அவள் இடத்தை மாற்றி ஹாலின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது, ஆனால் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

தான் சொன்னால் நம்பமாட்டாள், பிரதர் சொன்னால் கேட்பாள் என்று ஷைஜா நினைத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு ஜெபவீட்டுக்குப் போனாள். வாசலில் அவள் படம் போட்ட பேனர் இன்னும் இருந்தது. வெயிலில் முகம் மட்டும் வெளுத்திருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு உள்ளே விட்டார்கள்.

பிரதர் ஆன்ட்ரூஸ் எழுந்து நின்று வரவேற்றார். நன்றாகப் பேசுகிறவர், குரலில் கருணை இருக்கும். தேவகுமாரின் மரணம் தன்னை உலுக்கிவிட்டது என்றார். ஷைஜா வந்த காரியத்தைச் சொன்னாள். வீடியோவை எடுத்துவிட வேண்டும்.

"சாட்சியை ஆண்டவருக்குக் கொடுத்தாச்சு சிஸ்டர். பலிபீடத்துல வச்சதைத் திரும்ப எடுப்பாங்களா?"

"நான் வச்சது பொய்யி பிரதர். பொய்யைப் பலிபீடத்துல வைக்கலாமா?"

அவர் சிரிக்க முயன்றார். "அதைப் பார்த்து எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்திருக்காங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"ஒருத்தியைத் தெரியும். எனக்கக் கூட பருப்பு உரிக்கா. அவளுக்கு மாருல கட்டி. எட்டு மாசமா ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கா. சரி, வீடியோ கிடக்கட்டு. நீங்க அவளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். "நான் யாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு சொல்றதில்லையே சிஸ்டர்."

"போன்னும் சொல்லல்லியே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். குடும்பத்துக்கு ஊழியத்தின் அன்பு உதவி, மகளின் படிப்புக்கு ஆகும் என்றார். ஷைஜாவுக்கு அந்த மாதம் பெபிஷாவின் பீஸ் கட்ட வழியில்லை. கவரைப் பார்த்தாள், தொடவில்லை. "அந்த அக்காளுக்க பேரு ராஜமணி. எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவர் எழுதினாரா என்று அவளுக்குத் தெரியாது. ராஜமணிக்கு ஜெபவீட்டிலிருந்து எந்தப் போனும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் எங்கள் போதகரிடம் வந்தாள். அவளோடு போதகர் வீட்டுக்கு நானும் போனேன். முழுவதையும் அவர் கேட்டு முடித்தார். பிறகு வேதத்திலிருந்து ஒரு கதையைச் சொன்னார். ஒரு தீர்க்கதரிசியால் குஷ்டம் நீங்கின படைத்தலைவன் வண்டி நிறைய வெள்ளியும் உடுப்பும் கொண்டுவந்து நின்றான், தீர்க்கதரிசி ஒன்றையும் தொடவில்லை. அவருடைய வேலைக்காரனோ பின்னாலேயே ஓடிப்போய், எஜமானர் கேட்டார் என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டான். கடைசியில் அந்தக் குஷ்டம் அவன் மேல் வந்தது.

"கடவுள் விலை வாங்கினதே இல்லம்மா" என்றார் போதகர். "வாங்கினதெல்லாம் அவருக்குப் பின்னால ஓடின நாங்கதான். உங்க வீட்டுக்காரருக்கு தீனமா இருந்தப்போ நான் உங்க வீட்டுக்கு எத்தன தரம் வந்தேன்?"

"ரெண்டு தரம் ஐயா."

"ஜெபிக்க வந்தது ஒரு தரம்தான். ரெண்டாவது வந்தது அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கைக் கவர் தர. எனக்கு ஞாபகம் இருக்கு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த ஷெட்டுல ஒருத்தி உங்க பேரைக் கேட்டு எழுதினான்னு சொன்னீங்களே. அதை இங்க நாங்க செய்திருக்கணும்."

நான் போர்டில் ஒட்டின பட்டியலை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தேன்.

சபை முன்னால் பேச வேண்டும் என்று ஷைஜாதான் கேட்டாள். அவசியமில்லை, உங்களைக் கூசப்பண்ணுவார்கள் என்று போதகர் தடுத்தார். "பொய் சொன்னப்ப மைக்கு புடிச்சுத்தானே சொன்னேன். உண்மையை மட்டும் காதுல சொல்லலாமா ஐயா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்துக்கு முன்னால், அவள் நடு வழியாக நடந்து முன்னால் போனாள். கையில் சின்னக் கடுதாசி இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

"நான் ஒரு பொய்ச்சாட்சி சொன்னேன். ஆஸ்பத்திரி எனக்க வீட்டுக்காரரைக் கைவிட்டுதுன்னு சொன்னேன். கைவிடல்ல. நான்தான் கைவிட்டேன். ஆண்டவரு டாக்டர்மாருக்க கையால தந்த சொகத்தை நான் எனக்க வளையல் வாங்கித் தந்த மாதிரி பேசினேன். நிங்க ஆராவது அந்த வீடியோவைக் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா, தயவுசெய்து போங்க. ஜெபியுங்க. ஜெபிச்சுட்டுப் போங்க. ஆண்டவரு அதுக்குக் கோபப்படமாட்டாரு. இவ்வளவுதான்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு பெண் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஆராதனை முடிந்ததும் சில பேர் ஷைஜாவிடம் வந்தார்கள், பல பேர் ஒதுங்கிப் போனார்கள். ஊழியக்காரருக்கு விரோதமாகப் பேசிவிட்டாள், இனி அந்த வீடு உருப்படாது என்று சந்தையில் பேச்சு வந்தது.

அந்தப் பேச்சு ராஜமணியின் காதுக்கும் போயிருக்க வேண்டும். பதினோரு நாள் கழித்து, சாயங்காலம், அவள் ஷைஜாவின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"பொய்யின்னு சபையில நின்னு சொன்னியா?"

"சொன்னேன் அக்கா."

"எல்லாரும் கேக்கவா?"

"எல்லாரும் கேக்க."

ராஜமணி முந்தானையை விரலில் சுற்றினாள். "நேத்து கட்டி பொட்டிட்டு மக்கா. ஜம்பர் எல்லாம் நனைஞ்சுட்டு. எனக்குத் திருவனந்தபுரத்துக்கு வழி தெரியாது. கூட வருவியா?"

விடியற்காலை பஸ்ஸில் போனார்கள். மார்பில் இருந்தது அதற்குள் எலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. கட்டி தெரிந்த உடனே வந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன் என்று அங்கிருந்த லேடி டாக்டர் சொன்னார். ராஜமணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து, "டீ குடிப்போமா?" என்றாள்.

அதற்குப் பிறகு ராஜமணி ஏழு மாதம் இருந்தாள். ஊசி போட ஒவ்வொரு முறையும் ஷைஜாதான் கூடப் போனாள். முடி கொட்டினபோது மொட்டையடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். டெனிஷுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. அவன் ஒருநாள் ஷைஜாவுக்குப் போன் செய்து கத்தினான். "எங்கம்மை உங்க வீடியோவைத்தானே ராவும் பகலும் கண்டிட்டிருந்தாவ! நிங்க கொன்னுட்டு இப்பம் கூட நின்னு சோறு ஊட்டுதியளா?" ஷைஜா, அவன் சத்தம் போட்டு முடித்து, அழுது முடிக்கிறவரைக்கும் போனைக் காதில் வைத்திருந்தாள். பிறகு, "அம்மா இன்னைக்கு ரெண்டு இட்லி தின்னாவ மக்கா" என்றாள்.

கடைசி மாதம் ராஜமணி எழுந்திருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், முதுகில் துண்டை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்த ஷைஜா கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, என்னை மன்னிச்சியளா?"

ராஜமணி தலையணையில் முகத்தைத் திருப்பினாள். மூச்சு வாங்கியது. "உனக்க மேல கோவமே இல்லன்னு சொன்னா அது பொய்யாயிடும் மக்கா" என்றாள். "இருக்கு. செல நேரம் இருக்கு, செல நேரம் இல்ல. இனிமே நாம ரெண்டு பேரும் பொய் சொல்லாண்டாம். நீ துடை."

ஷைஜா துடைத்தாள்.

அடக்கத்துக்கு டெனிஷ் வந்துவிட்டான். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது ஷைஜா பின்னால் தள்ளி நின்றாள். எல்லாரும் போட்ட பிறகு அவன் சுற்றிப் பார்த்து, அவளைத் தேடிக் கண்டுபிடித்து, வாருங்கள் என்று கையைக் காட்டினான். அவள் வந்து ஒரு பிடி மண் போட்டாள். பதினைந்து நாளில் அவன் திரும்பிப் போய்விட்டான்.

பெபிஷா நர்சிங்கில் சேர்ந்து, பீஸ் கட்ட முடியாமல் ஒரு வருஷத்தோடு நின்றுவிட்டாள். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். ஷைஜா அதே அண்டியாபீஸில் அதே ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். சபையில் நான் இப்போது ஷைஜாவின் பெஞ்சில் உட்காருகிறேன். அவள் என்னை வந்து உட்காரச் சொல்லவில்லை, எழுந்து போகவும் சொல்லவில்லை.

ஜெபவீட்டில் அந்த வீடியோவை எடுக்கவில்லை. பேனரைத்தான் மாற்றினார்கள், அதில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பெபிஷா போனில் அந்த வீடியோவைத் தேடியெடுத்து, அம்மா சொல்லச் சொல்ல அடியில் எழுதுவாள். "இதில் பேசுவது நான்தான். என் கணவர் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரி கைவிட்டது என்று நான் சொன்னது பொய். உடம்புக்கு ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்." அதன் கீழே தன் போன் நம்பரையும் போடச் சொல்வாள். ஒரு மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அதை அழித்துவிடுவார்கள். எழுத முடியாதபடி தடுத்தும் விடுவார்கள். பெபிஷா வேறொரு பெயரில் உள்ளே போய் மறுபடியும் எழுதுவாள்.

போன மாதம் ஒரு போன் வந்தது. இராஜாக்கமங்கலத்துப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்றாள் ஒரு பெண், பெயர் சொல்லவில்லை. பின்னால் கடல் இரைச்சலும் ஒரு சின்னப் பிள்ளை அழுகிற சத்தமும் கேட்டதாம்.

"நிங்க எழுதியிருந்தது உண்மையா? உங்க வீட்டுக்காரரு சொகமாகல்லியா?"

"இல்ல பிள்ளே. செத்துப் போனாரு. உனக்கு என்ன தீனம், சொல்லு. நான் வாறேன். உனக்கக் கூட ஆஸ்பத்திரிக்கு நான் வாறேன்."

பிள்ளையின் அழுகை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது. ஷைஜா திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். இப்போது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொல்கிறது.